மர்மத் தொடரின் முதல் சீசன் நன்றாக அமைந்துவிட்டால் அடுத்ததை நம்பிக் காத்திருக்கலாமா?

இடைவேளை எழுதியது:

புதிதாக வரும் மர்மத் தொடர்களில் முதல் சீசன் நன்றாக இருப்பது இப்போது அரிய செய்தியே அல்ல. ஒரு சிற்றூர், ஒரு சடலம் அல்லது காணாமற்போன ஒரு பிள்ளை, அந்த ஊரைப் பற்றி எதுவும் அறியாமல் வந்து சேரும் ஓர் அதிகாரி, ஊரிலேயே பிறந்து வளர்ந்த இன்னோர் அதிகாரி, வீட்டுக்கு வீடு ஒரு பொய் என்று தொடங்கிவிட்டால் எட்டு எபிசோடுகள் எப்படியும் ஓடிவிடுகின்றன. ஒளிப்பதிவிலும் பின்னணி இசையிலும் பெரும்பாலும் குறை சொல்ல இடமிருப்பதில்லை. ஆனால், நம்பிக்கை தரும் தொடக்கம் என்று எல்லோரும் ஒரே குரலில் எழுதிய தொடர்களில் பல, இரண்டாவது சீசன் வரும்போது பேச ஆளில்லாமல் போகின்றன. அதைப் பார்த்துப் பார்த்து, யாராவது ஒரு புதிய த்ரில்லரைப் பரிந்துரைத்தால் உடனே தொடங்கத் தயங்கும் நிலைக்கு நான் வந்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். முதல் சீசனைப் பார்த்து முடித்த அந்த நிலையிலேயே, இது தாக்குப்பிடிக்கும், இது தாக்குப்பிடிக்காது என்று பிரித்தறிய உதவும் அடையாளம் ஏதேனும் தொடருக்குள்ளேயே இருக்கிறதா? நடிகர்களின் பெயரையோ, எந்தத் தளத்தில் வருகிறது என்பதையோ, விமர்சகர்கள் கொடுத்த நட்சத்திரங்களையோ வைத்துச் சொல்லும் ஜோசியம் எனக்கு வேண்டாம். கதை எழுதப்பட்ட விதத்திலிருந்து ஏதாவது தெரிகிறதா என்பதே என் அக்கறை.

எடுத்துக்கொண்ட வழக்கை அதே சீசனில் முடித்துவைக்கும் தொடர்தான் நேர்மையானது என்பது என் இப்போதைய எண்ணம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்ட பிறகு அந்த ஊருக்கும் அந்த மனிதர்களிடமும் திரும்பி வர என்ன காரணம் மிஞ்சுகிறது?

முடிவுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது என்பதால் ஸ்பாய்லர் பற்றிய தயக்கம் இல்லாமல் எழுதுங்கள். முடிவு தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்த வரியோடு நின்றுகொள்வது நல்லது.

கைரேகை எழுதியது:

வழக்கை முடிக்கிறதா இல்லையா என்பதைவிட, முடிக்காமல் விடும்போது எதற்காக விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு ஒரே கதையின் இரண்டு வடிவங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. டென்மார்க் தொலைக்காட்சியில் 2007ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு தொடர், ஓர் இளம்பெண்ணின் கொலையை இருபது எபிசோடுகளில், எபிசோடுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விசாரித்து, அதே சீசனில் கொலையாளியை நம் கண்முன் நிறுத்தியது. அதே கதையை அமெரிக்காவின் ஏஎம்சி தொலைக்காட்சி 'தி கில்லிங்' என்ற பெயரில் 2011இல் எடுத்தபோது, ரோஸி லார்சனைக் கொன்றது யார் என்ற கேள்வியையே விளம்பரமாக வைத்துப் பார்வையாளர்களை அழைத்துவிட்டு, பதின்மூன்றாவது எபிசோடின் முடிவில் விடையைச் சொல்லாமல் சீசனை மூடிவிட்டது. அன்று எழுந்த கோபம் சிறியதல்ல. விடை அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. அதற்குள் கணிசமானோர் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார்கள். பிறகு அந்தத் தொடர் நிறுத்தப்பட்டு, மீண்டும் எடுக்கப்பட்டு, மறுபடியும் நிறுத்தப்பட்டு, கடைசியாக 2014இல் நெட்ஃபிளிக்ஸில் ஆறு எபிசோடுகளோடு முடிந்தது.

விடையைத் தள்ளிப்போட்டதுதான் தவறு என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த முதல் சீசனை நிதானமாக மறுபடியும் பார்த்தால், நோய் வெகு முன்னதாகவே தொடங்கியிருப்பது தெரியும். ஓர் எபிசோடின் கடைசி நிமிடத்தில் ஒருவர் மீது சந்தேகம் பாய்கிறது. அடுத்த எபிசோடிலோ அதற்கடுத்ததிலோ அவர் நிரபராதி என்று தெரிகிறது. அவர் இடத்துக்கு இன்னொருவர் வருகிறார். சந்தேகத்திலிருந்து விடுபட்டவர் அதற்குப் பிறகு கதைக்கு ஏறக்குறையத் தேவைப்படாதவராகிவிடுகிறார். அவர் மறைத்தது என்ன, ஏன் மறைத்தார், அது வெளிவந்ததால் அவர் வாழ்க்கையில் என்ன உடைந்தது என்பதில் தொடருக்கு ஆர்வமே இல்லை. அங்கேயே நாம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். (அந்தச் சீசனின் மிகச் சிறந்த பகுதி பெண்ணைப் பறிகொடுத்த குடும்பத்தின் துக்கம்தான். விசாரணை நின்று, அந்த வீட்டின் மௌனத்தைக் காட்டும் இடங்களில் தொடர் வேறு உயரத்தில் இருக்கிறது.)

இதற்கு நேர்மாறான நிலை 'ட்வின் பீக்ஸ்' தொடருக்கு ஏற்பட்டது. 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தத் தொடரின் முதல் சீசன், நீளமான தொடக்க எபிசோடையும் சேர்த்து எட்டே எபிசோடுகள். லாரா பால்மரைக் கொன்றது யார் என்ற கேள்வியை விரைந்து தீர்க்கும் எண்ணம், தொடரை உருவாக்கிய டேவிட் லிஞ்சுக்கும் மார்க் ஃப்ராஸ்டுக்கும் இருக்கவில்லை. அந்தக் கேள்வி அவர்களுக்கு ஊருக்குள் நுழையும் கதவாக மட்டுமே இருந்தது. ஆனால் தொலைக்காட்சி நிறுவனத்தின் வற்புறுத்தலுக்கு இணங்கி, அதே ஆண்டு நவம்பரில், இரண்டாவது சீசனின் நடுவழியிலேயே விடையை வெளியிட வேண்டியதாயிற்று. பெயர் தெரிந்ததும் கூட்டம் கலைந்தது. 1991இல் தொடரும் நின்றது.

ஆக, ஒன்று விடையைத் தராததால் சரிந்தது, மற்றொன்று விடையைத் தந்ததால் சரிந்தது. இரண்டிலும் பார்வையாளர் கையில் ஒரே ஒரு கேள்வி மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். முதல் சீசன் முடிந்ததும், கொலையாளி யார் என்பதை எடுத்துவிட்டு வேறு எதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆவலாக இருக்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வரவில்லையென்றால் காத்திருக்கத் தேவையில்லை.

அலைவரிசை எழுதியது:

கைரேகை சொன்னதை ஒப்புக்கொண்டு, இடைவேளை கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வழக்கு முடிந்த பிறகும் திரும்பி வரக் காரணம் இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு நான் பார்த்தவற்றுள் மிகத் தெளிவான சான்று, பிரிட்டனின் ஐடிவியில் 2013இல் வந்த 'பிராட்சர்ச்' தொடரின் முதல் சீசன். எட்டு எபிசோடுகள். கடலோரச் சிற்றூர் ஒன்றில் டேனி என்ற பதினொரு வயதுச் சிறுவனின் உடல் செங்குத்தான பாறைச்சரிவின் அடியில், கடற்கரையில் கிடக்கிறது. விசாரிப்பவர்கள் வெளியூரிலிருந்து வந்த அலெக் ஹார்டியும், உள்ளூர்ப் பெண்ணான எல்லி மில்லரும். எல்லிக்குக் கிடைக்கவேண்டிய பதவிதான் ஹார்டிக்குப் போயிருக்கிறது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று காலையில்தான் அவருக்கே அது தெரிகிறது.

முதல் எபிசோடின் தொடக்கத்தில் ஒரு நீண்ட காட்சி வருகிறது. மகன் இறந்தது இன்னும் தெரியாத தந்தை மார்க், காலை நேரத்தில் கடைத்தெரு வழியாக நடந்து போகிறார். கேமரா வெட்டில்லாமல் அவரோடு செல்கிறது. எதிர்ப்படும் ஒவ்வொருவரும் அவருக்கு வணக்கம் சொல்கிறார்கள், ஒரு வார்த்தை பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். பார்க்கும்போது ஊரை அறிமுகப்படுத்தும் அழகான உத்தியாக மட்டுமே அது தெரியும். எட்டு எபிசோடுகளையும் முடித்துவிட்டுத் திரும்ப வந்து பார்த்தால், அந்தத் தெருவில் சிரித்த ஒவ்வொரு முகமும் பின்னால் சந்தேகத்துக்கு உள்ளாகப்போகிறது என்பதும், அந்த ஊர் இனி ஒருபோதும் அப்படி ஒரு காலையைக் காணப்போவதில்லை என்பதும் புரிந்து, அந்தக் காட்சியே வேறாகிவிடுகிறது. எழுதத் தொடங்கும்போதே எங்கே போய்ச் சேருவோம் என்று அறிந்தவரால்தான் இப்படித் தொடங்க முடியும். தொடரைப் படைத்த கிறிஸ் சிப்னல், கொலையாளி யார் என்பதைப் பெரும்பாலான நடிகர்களுக்குக்கூடச் சொல்லவில்லை என்பது தனிச் செய்தி. அதனால் எல்லோரும் தாம் நிரபராதியா என்று தெரியாமலேயே நடித்திருக்கிறார்கள், அந்தப் பதற்றம் முகங்களில் இருக்கிறது.

ஆனால் நான் சொல்லவந்தது வேறொன்று. ஏழாவது எபிசோடில் சூசன் ரைட் என்ற பெண்ணை எல்லி விசாரிக்கிறார். சூசனின் கணவன் பெற்ற மகளையே சீரழித்த கதை அங்கே வெளிவருகிறது. கேட்டுக்கொண்டிருந்த எல்லிக்கு ஆற்றவே முடியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டுவிடுகிறார். அதில் விசாரணையைவிட வெறுப்புதான் அதிகம். அடுத்த எபிசோடில் டேனியைக் கொன்றது எல்லியின் கணவன் ஜோ என்று தெரிகிறது. அதே கேள்வியை, டேனியின் தாய் பெத் எல்லியைப் பார்த்துக் கேட்கிறாள். ஒரு சீசன் முழுக்க நாம் தேடிய பெயர் கிடைத்த மறுகணமே அந்தப் பெயர் முக்கியமில்லாமல் போய்விடுகிறது. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு இந்தப் பெண் இனி இந்த ஊரில் எப்படி நடமாடுவாள், பிள்ளைகளிடம் என்ன சொல்வாள் என்பதுதான் நம் மனத்தில் நிற்கிறது. இதைத்தான் நான் அடையாளம் என்பேன்: கிடைத்த விடை ஒரு கேள்வியை மூடும்போதே, அதைவிடப் பெரிய ஒன்றை அந்த மனிதர்களிடமிருந்தே திறக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடங்களில் முகமூடி அணிந்த யாரோ ஒருவரைக் காட்டுவதும், செத்தவரின் கைப்பேசி ஒலிப்பதும், சுவரில் புதிய புகைப்படம் ஒட்டப்படுவதும் இந்தக் கணக்கில் சேராது. அவை கதையிலிருந்து முளைத்தவை அல்ல. அடுத்த சீசனுக்கான விண்ணப்பம்.

மறுபக்கம் எழுதியது:

அலைவரிசை எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் அந்த அடையாளம் உண்மையில் எதை உறுதிசெய்தது? பிராட்சர்ச்சின் இரண்டாவது சீசன் 2015இல் வந்தபோது, தான் குற்றவாளி அல்ல என்று ஜோ நீதிமன்றத்தில் நின்றதும், வாக்குமூலம் செல்லாது என்று ஒதுக்கப்பட்டதும், கடைசியில் அவன் விடுதலையானதும் சீசன் முழுக்க இழுக்கப்பட்டன. போதாக்குறைக்கு ஹார்டியின் பழைய வழக்கு ஒன்றும் பக்கத்திலேயே ஓடியது. முதல் சீசனின் முடிவு கொடுத்த கனத்தை அது கூட்டவில்லை, கரைத்தது. அந்தச் சீசன் எடுக்கப்படாமலே இருந்திருந்தால் பிராட்சர்ச்சின் பெயர் இன்னும் உயர்ந்து நின்றிருக்கும் என்பதே என் எண்ணம்.

எனவே கேள்வியையே சற்று மாற்ற வேண்டும் என்கிறேன். முதல் சீசன் நன்றாக இருந்தால் அது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அது அடுத்ததற்கு உத்தரவாதம் அளிக்கவேண்டிய கடமை எதுவும் அதற்கு இல்லை. 'ட்ரூ டிடெக்டிவ்' தொடரின் முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜனவரி முதல் மார்ச் வரை எச்பிஓவில் வந்த எட்டு எபிசோடுகள். எட்டையும் எழுதியவர் நிக் பிட்சலாட்டோ ஒருவரே, எட்டையும் இயக்கியவர் கேரி ஃபுகுனாகா ஒருவரே. 1995இல் நடந்த விசாரணையை, 2012இல் இரண்டு முன்னாள் அதிகாரிகள் தனித்தனியே உட்கார்ந்து நினைவுகூர்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நமக்குக் காட்டப்படுவதும் ஒன்றாக இல்லாத இடங்களில்தான் கதையே நடக்கிறது.

மூன்றாவது எபிசோடில், மூடிக்கிடக்கும் ஒரு பள்ளிக்கு அவ்விருவரில் ஒருவரான ரஸ்ட் கோல் போகிறார். அங்கே புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர் ஒருவரிடம் இரண்டு வார்த்தை விசாரிக்கிறார். அதற்குள் கூட வந்தவர் அழைக்கவே, ரஸ்ட் திரும்பிவிடுகிறார். தேடப்படுபவன் உயரமானவன், முகத்தில் தழும்புள்ளவன் என்பது பின்னால் தெரியவரும் செய்தி. இந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார், அதனால் உயரம் தெரியவில்லை. தாடி இருக்கிறது, அதனால் முகம் தெரியவில்லை. அவர்தான் கொலையாளி. எட்டு வாரங்களும் பார்வையாளர்கள் பெரிய பெரிய சதிகளையும் குறியீடுகளையும் கட்டிக்கொண்டிருந்தபோது, விடை மூன்றாவது வாரமே பட்டப்பகலில் புல்வெட்டிக்கொண்டிருந்தது. கடைசி எபிசோடு சப்பென்று முடிந்துவிட்டதாகப் பலர் குறைப்பட்டார்கள். எனக்கு அந்தக் குறை கொஞ்சமும் இல்லை. காட்டவேண்டியதைக் காட்டிவிட்டு, நம்மை வேறெங்கோ பார்க்க வைத்தது நேர்மையான ஆட்டம்.

இப்போது அதன் இரண்டாவது சீசனைப் பாருங்கள். வேறு ஊர், வேறு மனிதர்கள், வேறு வழக்கு. ஆகவே பழைய கதையை இழுத்தார்கள் என்று யாரும் குற்றம்சாட்ட முடியாது. இருந்தும் அது முதல் சீசனின் பக்கத்தில்கூட வரவில்லை. காரணம் அவ்வளவு மர்மமானதல்ல. முதல் சீசனின் பொருள் எழுத்தாளரின் மனத்தில் நீண்ட காலம் ஊறியது. முதலில் நாவலாக நினைக்கப்பட்டது. இரண்டாவது சீசன் 2015 ஜூனில், முதல் சீசன் முடிந்து பதினைந்தே மாதங்களில் திரைக்கு வந்தது; எட்டையும் ஒரே கையில் ஒப்படைத்த முறையும் கைவிடப்பட்டு, பல இயக்குநர்கள் பகிர்ந்து எடுத்தார்கள். யாருடைய முதல் படைப்புக்கும் பின்னால் பல ஆண்டுகள் இருக்கும். இரண்டாவதற்குப் பின்னால் ஓர் ஒப்பந்தத் தேதி இருக்கும். முதல் சீசனை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த வேறுபாடு அதில் தெரியாது.

இடைவேளை எழுதியது:

மூவருக்கும் நன்றி. மறுபக்கம் சொல்லும் கால அவகாசம் பற்றிய செய்தி என் எண்ணத்தில் இல்லாத ஒன்று, ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் முதல் சீசனைப் பார்த்து எதையுமே சொல்ல முடியாது என்றாகிவிடுகிறது. அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. இரண்டு துணைக்கேள்விகள். தமிழில் எடுக்கப்பட்ட தொடர்களுக்கு நீங்கள் சொன்ன அளவுகோல்கள் பொருந்துகின்றனவா? அடுத்து, ஆரம்பத்திலேயே மூன்று சீசன், ஐந்து சீசன் என்று திட்டமிட்டு, விடையை வேண்டுமென்றே கடைசிவரை வைத்திருக்கும் தொடர்களை எப்படி மதிப்பிடுவது? அவற்றில் முதல் சீசன் வழக்கை முடிக்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்வது நியாயமாகுமா?

சங்கிலி எழுதியது:

முதல் கேள்விக்கு 'சுழல்' நல்ல எடுத்துக்காட்டு. 2022 ஜூன் 17 அன்று வெளியான முதல் சீசனில் எட்டு எபிசோடுகள். எழுதியவர்கள் புஷ்கர், காயத்ரி. முதல் நான்கை பிரம்மாவும் பின் நான்கை அனுசரணும் இயக்கினார்கள். ஒரே இரவில் சிமெண்ட் ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலாவும் காணாமற்போகிறாள். மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்கள் ஒவ்வொன்றாக நகர, விசாரணையும் நகர்கிறது. ஆலைக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான பகையே காரணம் என்று ஊரோடு சேர்ந்து நாமும் நம்பிக்கொண்டிருக்கையில், கதை மெல்ல மெல்ல வெளியிலிருந்து வீட்டுக்குள் திரும்புகிறது. நிலாவைச் சீரழித்தவர் அவள் தந்தையின் உடன்பிறந்த குணா. அக்காள் நந்தினியின் சிறுவயதையும் அழித்தவர் அவரே. அலைவரிசை சொன்ன அதே அமைப்பு இங்கும் இருக்கிறது: எதிரி யார் என்று வெளியே கைநீட்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு விடை தன் கூடத்திலிருந்தே வருகிறது.

நந்தினி குணாவைக் கொல்வதோடு வழக்கு முடிகிறது. ஆனால் அந்தச் செயல் சட்டத்தின் முன் ஒரு புதிய வழக்காக நிற்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது சீசன் நந்தினியைச் சிறையில் வைத்துத்தான் தொடங்குகிறது. வேறு ஊர், வேறு திருவிழா, வேறு கொலை என்று எல்லாம் மாறினாலும், முதல் சீசனில் செய்ததற்கான விலையை ஒருத்தி கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதால் அது புதிய தொடராகத் தோன்றவில்லை. குறையும் உண்டு. முதல் சீசனின் நடு எபிசோடுகளில் சந்தேகம் ஆள் மாற்றி ஆள் மீது போய் வருவது, கைரேகை மேலே கண்டித்த பழக்கத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஆனால் சந்தேகத்துக்கு உள்ளானவர்களைத் தொடர் கைவிட்டுவிடவில்லை. ஸ்ரேயா ரெட்டி நடித்த ஆய்வாளர் ரெஜினா, தன் மகனும் இந்த வழக்குக்குள் வந்துவிட்ட பிறகு அதிகாரி என்ற நிலையிலிருந்து தாய் என்ற நிலைக்குச் சரிவதும், அதை வெளிக்காட்டாமல் இருக்கப் பாடுபடுவதும் நினைவில் நிற்கும் பகுதிகள்.

இரண்டாவது கேள்விக்கு, ஜெர்மனியில் எடுக்கப்பட்ட 'டார்க்' தொடரைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. 2017 டிசம்பரில் வந்த முதல் சீசனில் பத்து எபிசோடுகள்; 2020இல் மூன்றாவது சீசனோடு மொத்தம் இருபத்தாறு எபிசோடுகளில் கதை முடிந்துவிட்டது. முதல் எபிசோடிலேயே மிக்கெல் என்ற சிறுவன் தந்தைக்கு ஒரு மாயவித்தை செய்து காட்டுகிறான். எப்படிச் செய்தாய் என்று தந்தை கேட்க, எப்படி என்பது கேள்வியே இல்லை, எப்போது என்பதுதான் கேள்வி என்கிறான் சிறுவன். குழந்தைத்தனமான விளையாட்டுப் பேச்சாக அதைக் கடந்துவிடுவோம். அன்றிரவே மிக்கெல் காணாமற்போகிறான். அவன் எங்கே போனான் என்று ஊரே தேட, அவன் போயிருப்பது 1986ஆம் ஆண்டுக்கு. தொடக்கத்தில் தூக்கிட்டு இறந்தவராகக் காட்டப்பட்ட மிக்கேல் கான்வால்ட், அங்கேயே வளர்ந்து பெரியவனான அதே சிறுவன் என்பது சீசனின் பாதியில் தெரிந்துவிடுகிறது. பெரிய வழக்கு முடியவில்லைதான். ஆனால் முதல் சீசன் தான் கேட்ட முதல் கேள்விக்கு அந்தச் சீசனுக்குள்ளேயே பதில் சொல்லிவிடுகிறது, அதுவும் பாதியிலேயே. கையில் இருக்கும் விடைகளைச் செலவழிக்க அஞ்சாத எழுத்தாளரிடம் இன்னும் நிறைய இருக்கிறது என்று பொருள். பதுக்கி வைப்பவரைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

விமான விபத்தில் பிழைத்தவர்கள் ஒரு தீவில் மாட்டிக்கொள்ளும் 'லாஸ்ட்' தொடரின் முதல் சீசன் 2005 மே மாதத்தில் முடிந்தபோது, அவர்கள் காட்டுக்குள் கண்டெடுத்த இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் நிறுத்தினார்கள். அப்போதே பலர் எரிச்சலடைந்தது நினைவிருக்கும். எத்தனை ஆண்டுகள் ஓடப்போகிறோம் என்பது எழுதுபவர்களுக்கே தெரியாதபோது விடைகளைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. 2007 மே மாதத்தில் ஏபிசி, இன்னும் 48 எபிசோடுகள், 2010இல் முடிவு என்று நாள் குறித்துக் கொடுத்த பிறகுதான் அந்தக் கதை நேராக நடக்கத் தொடங்கியது. முடிவு எல்லோருக்கும் பிடித்ததா என்பது வேறு பேச்சு.

மறுபக்கம் எழுதியது:

சங்கிலி சொன்ன அதே டார்க் குழுவை வைத்தே பதில் சொல்கிறேன். பரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீஸும் அதற்கடுத்து எடுத்த '1899', 2022 நவம்பரில் வந்தது. எட்டு எபிசோடுகள். பல மொழி பேசும் குடியேறிகளைச் சுமந்து செல்லும் ஒரு கப்பல், காணாமற்போன இன்னொரு கப்பல், கடைசியில் எல்லாமே வேறோர் இடத்தில், வேறொரு நூற்றாண்டில் நடக்கிறது என்ற திறப்பு. திட்டம் இருந்தது, மூன்று சீசனுக்கான வரைபடம் இருந்தது, அதைச் சாதித்துக் காட்டிய அனுபவமும் இருந்தது. 2023 ஜனவரியின் தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸ் தொடரை நிறுத்திவிட்டது. கதை அந்தத் திறப்பிலேயே நிற்கிறது. விடைகளைச் செலவழித்தார்களா பதுக்கினார்களா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள்; அந்த அளவுகோலில் தேறக்கூடிய ஒரு தொடரைக்கூடக் கணக்குப்பிள்ளை ஒருவர் ஒரே கையெழுத்தில் முடித்துவிட முடியும்.

கைரேகை எழுதியது:

1899 அந்த அளவுகோலில் தேறுமா என்பதே எனக்கு ஐயம். டார்க்கின் முதல் சீசன் இடையிடையே விடை கொடுத்துக்கொண்டே வந்தது. 1899 ஏழு எபிசோடுகளுக்குக் கேள்விகளை மட்டுமே அடுக்கிக்கொண்டு போய், கையிருப்பு முழுவதையும் எட்டாவதன் கடைசி நிமிடங்களில் கொட்டியது. முக்கோண வடிவங்களும், சுரங்க வழிகளும், மாறி மாறி விழித்தெழும் படுக்கைகளும் பார்க்க வியப்பாக இருந்தன, ஆனால் அந்தக் கப்பலில் இருந்த எவர் மீதாவது, எல்லி மில்லர் மீது வந்த அக்கறை வந்ததா? நிறுத்தப்பட்டபோது என்னை வருத்தியது புதிர் அவிழவில்லை என்பது மட்டுமே. பிராட்சர்ச் முதல் சீசனோடு நின்றிருந்தாலும் எனக்கு ஒரு முழுக்கதை கையில் இருந்திருக்கும்.

இடைவேளைக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். புதிய தொடரை முடித்ததும் அடுத்த சீசன் வருமா என்று தேடுவதற்கு முன், முதல் சில எபிசோடுகளை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். கொலையாளி யார் என்பது தெரிந்த கண்ணோடு பார்க்கும்போது, அவர் வரும் காட்சிகளில் புதிதாக ஏதாவது தென்பட்டால், அந்த மார்க் நடந்துபோகும் தெருவைப் போலவோ புல்வெட்டும் வண்டியைப் போலவோ ஒரு காட்சி கிடைத்தால், எழுதியவருக்குத் தன் கதை தெரியும். தென்படவில்லையென்றால் குற்றவாளியை ஆறாவது எபிசோடு எழுதும்போதுதான் முடிவுசெய்திருக்கிறார்கள். அத்தகைய தொடரின் இரண்டாவது சீசனை, வேறு யாராவது முழுதாகப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகு தொடங்கினால் போதும்.